கணக்கை யார் முன் வாசிப்பது?

ராஜஸ்தான் கிராமங்களில் ஜாஜம் என்றொரு விரிப்பு உண்டு. ஊர்க்கூட்டம் கூடினால் தரையில் விரிக்கும் துணி அது. 1984இல் அந்த மாநில அரசு யுனிசெஃப் உதவியோடு பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, அதன் கூட்டங்கள் ஜாஜத்தின் மீதே நடந்தன. நகரத்திலிருந்து வந்த பயிற்றுநரும் ஆடு மேய்த்துவிட்டு வந்த பெண்ணும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து பேசினார்கள். ஊராட்சிக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்ணுக்குச் ‘சாத்தின்’ என்று பெயர். தோழி என்று பொருள். சாத்தின்களில் பலர் ஏழைகள், கீழே தள்ளப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள். அவர்களுக்கு மாதம் 200 ரூபாய் மதிப்பூதியம் தரப்பட்டது. அதைச் சம்பளம் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

ஒரே விரிப்பில் உட்காரலாம், ஆனால் ஒரே கணக்கில் வர முடியாது. பெண்கள் இயக்கங்கள் நிதிபெறும் அமைப்புகளாக மாறிய கதையைப் படிக்கப் படிக்க, எனக்கு அந்த ஜாஜமும் 200 ரூபாயும்தான் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகின்றன.

எண்பதுகளின் நடுவில் ராஜஸ்தானைக் கடும் வறட்சி வாட்டியது. அரசின் நிவாரண வேலைகளில் மண் சுமந்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. சாத்தின்கள் அதைக் கேட்டார்கள். பெண்களின் உரிமை என்னவென்று பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்ததே இந்தத் திட்டம்தான். அடுத்து, குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை எட்ட ஆள் சேர்த்துத் தரும்படி அவர்களுக்கு நெருக்கடி வந்தபோது பலர் மறுத்தார்கள். கடைசியில் அவர்கள் தங்களைப் பற்றியே கேட்டார்கள். நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்கிற நமக்கு ஏன் குறைந்தபட்சக் கூலி இல்லை? சாத்தின்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அவர்கள் தன்னார்வலர்கள், ஊழியர்கள் அல்லர் என்று அரசு பதில் சொன்னது. சிலரை வேலையைவிட்டும் நீக்கியது. 1991இல் டெல்லி, மும்பைப் பெண்கள் குழுக்கள் சேர்ந்து இந்தத் திட்டத்தை ஆராய்ந்து, ‘யாருக்கான வளர்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்தத் தலைப்பே போதும்.

மறு ஆண்டு பதேரி கிராமத்தில் நடந்ததை நாடே அறியும். பன்வாரி தேவி 1985இல் சாத்தினாகச் சேர்ந்தவர். குயவர் சமூகத்துப் பெண். 1992இல் அட்சய திருதியையை ஒட்டி, குழந்தைத் திருமணங்களைத் தடுக்கச் சொல்லி அரசு ஆணையிட்டது. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தை நிறுத்த அவர் முயன்றார். அது ஊரின் ஆதிக்க சாதிக் குடும்பம். அவருக்கு ஊர் விலக்கு, பால் விற்பனை மறுப்பு, வசை. செப்டம்பர் 22 அன்று வயலில் கணவரைத் தாக்கிவிட்டு, பன்வாரி தேவியைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995 நவம்பரில் ஜெய்ப்பூர் அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

ஆனால் அவருடைய வழக்கையொட்டி எழுந்த இன்னொரு வழக்கு சட்டத்தையே மாற்றியது. விசாகா, ஜாகோரி, காளி ஃபார் விமன் முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997 ஆகஸ்ட் 13 அன்று பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விசாகா நெறிமுறைகள் பிறந்தன. 2013இல் அவையே சட்டமாயின. அந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் ஒரு சிறு தொடரைக் கவனித்திருக்கலாம். வேலைக்குச் சம்பளம் பெற்றாலும், மதிப்பூதியம் பெற்றாலும், தன்னார்வமாகச் செய்தாலும் பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. சாத்தின்கள் ஆண்டுக்கணக்கில் கத்தியும் அரசு ஒப்புக்கொள்ளாத உண்மை அந்த ஒரு சொல்லில், மதிப்பூதியம் என்ற சொல்லில், உச்ச நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது.

இந்தக் கதையில் எவரையும் எளிதில் பழிக்க முடியாது. அரசும் யுனிசெஃபும் பணம் தராமல் இருந்திருந்தால் பன்வாரி தேவி சாத்தின் ஆகியிருக்க மாட்டார். பதிவு பெற்ற அமைப்புகள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பொதுநல வழக்கை யார் நடத்தியிருப்பார்கள்? அதே அரசும் அதே பணமும்தான் அவரை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாமல் கைவிட்டன. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெண்கள் இயக்கம் ‘என்.ஜி.ஓ. ஆகிவிட்டது’ என்று உதட்டைப் பிதுக்குகிற விமர்சனம் எனக்குப் போதவில்லை. எந்த இடத்தில், எந்தக் கையெழுத்தில் அது மாறுகிறது என்று தேடினால்தான் ஏதாவது புரியும்.

காலத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972இல் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியைக் காவலர்கள் வல்லுறவு செய்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் தண்டித்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவள் உடலில் காயமில்லை, எனவே எதிர்ப்புக் காட்டவில்லை என்பது அதன் வாதம். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அந்த மடல் படியெடுக்கப்பட்டு கைக்குக் கை மாறியது. 1980இன் தொடக்கத்தில் மும்பையில் வல்லுறவு எதிர்ப்பு மன்றம் கூடியது. மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்கு அலுவலகமில்லை, வங்கிக் கணக்கில்லை. கூட்டம் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். துண்டறிக்கைக்குச் சில்லறை சேர்ப்பார்கள். சுவரொட்டி ஒட்டப் பசையை அவர்களே காய்ச்சினார்கள். மூன்று ஆண்டுகளில், 1983இல், வல்லுறவுச் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வல்லுறவில் அந்தப் பெண்ணின் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு வந்தது. கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவும் அதே ஆண்டு வந்தது. கைக்காசில் நடந்த ஓர் இயக்கத்துக்கு இது சின்ன வெற்றி அல்ல.

அந்த வெற்றிதான் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. செய்தித்தாளில் பெயரைப் பார்த்துவிட்டுப் பெண்கள் தேடி வரத் தொடங்கினார்கள்.

இரவு பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு, கன்னம் வீங்கி ஒரு பெண் வாசலில் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது ஊர்வலம் அல்ல. அன்றிரவு படுக்க ஓரிடம், நாளைக் காலை காவல் நிலையத்துக்குத் துணை, அடுத்த வாரம் வழக்கறிஞர், அடுத்த மாதம் வேலை. இதையெல்லாம் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருந்துகொண்டு மாலை நேரத்தில் இயக்கம் நடத்தும் தோழிகளால் எத்தனை நாள் செய்ய முடியும்? ஓர் அறை வாடகைக்கு எடுக்க வேண்டும், தொலைபேசி வேண்டும், பகல் முழுக்க அங்கே உட்கார ஒருவர் வேண்டும். உட்காருகிறவருக்கும் வயிறு இருக்கிறது. மாதாமாதம் சந்தா தருகிறோம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்தில் தரமுடியாமல் போகிறார்கள். அந்த வேளையில் நல்ல மனம் கொண்ட ஒரு நிதி நிறுவனத்தின் அலுவலர் வருகிறார். அவரும் பெண்ணியவாதியாக இருக்கலாம். பழைய ஊர்வலத்தில் கூட நடந்தவராகவும் இருக்கலாம். உங்கள் வேலைக்கு நாங்கள் துணை நிற்கிறோம் என்கிறார். ஒரே நிபந்தனை: அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பதிவு என்பதை வெறும் தாள் என்று நினைத்துவிடக் கூடாது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டமானாலும் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டமானாலும், குறைந்தது ஏழு பேரின் கையெழுத்தும் நோக்கங்களின் பட்டியலும் நிர்வாகக் குழுவும் கேட்கின்றன. இதுவரை எல்லோரும் எல்லாமுமாக இருந்த குழுவில் இப்போது ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், ஒருவர் பொருளாளர். காசோலையில் இருவர் கையெழுத்துப் போடலாம். மற்றவர்கள் போட முடியாது. கூட்டத்தில் சத்தமாகப் பேசிய குடிசைப்பகுதிப் பெண்ணின் பெயர் அந்த ஏழில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவருக்குப் பதிவு அலுவலகத்துக்கு அலைய நேரமில்லை, முகவரிச் சான்று இல்லை. இப்படி ஒரு சின்னச் சிரமத்திலிருந்துதான் பெரிய பிளவு தொடங்குகிறது.

பிறகு நிதி கேட்டு எழுதும் ‘புரபோசல்’. மூன்றாண்டுத் திட்டம், அதற்கு இலக்குகள், ஒவ்வோர் இலக்குக்கும் அளவுகோல். எத்தனை பெண்களுக்குப் பயிற்சி, எத்தனை ‘கேஸ்’ பதிவு, எத்தனை ‘கேஸ்’ முடிவு என்று நிரப்ப வேண்டும். வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்றவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆண்டறிக்கையில் அவள் ‘பயனாளி’. அவளுடைய சிக்கல் தீர நான்கு வருடம் ஆகலாம், திரும்பத் திரும்ப அந்தக் கணவனிடமே போகலாம், கடைசியில் ஒருநாள் துணிந்து வெளியேறலாம். அறிக்கையின் காலாண்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அறிக்கை ஆங்கிலத்தில் போக வேண்டியிருப்பதால், ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் ஒருங்கிணைப்பாளர் ஆகிறார். வெயிலில் ஊர் ஊராகப் போகிறவர் களப்பணியாளர். இருவருக்கும் சம்பள வித்தியாசம் பல மடங்கு. ஒருங்கிணைப்பாளரும் கெட்டவரல்லர், வேலைப்பளுவில் தூக்கம் கெட்டு அறிக்கை எழுதுகிறவர்தான். ஆனால் அவருடைய நாளின் முதல் பதற்றம் இடம் மாறிவிட்டது. முன்பு அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாளா என்று பதறியவர், இப்போது மார்ச் 31க்குள் பணம் செலவாகிவிடுமா என்று பதறுகிறார். இந்த வேலையில் இருக்கிற பெண்கள் பலரோடு பேசியிருக்கிறேன். இந்த மாற்றத்தைச் சொல்லும்போது அவர்கள் குரல் தாழ்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லத்தீன் அமெரிக்காவின் பெண்ணிய அமைப்புகள் தொண்ணூறுகளில் திடீரெனப் பெருகியதைச் சோனியா அல்வாரெஸ் ஆராய்ந்து எழுதினார். 1987இல் தொடங்கிய பாலஸ்தீன எழுச்சியைத் தாங்கிநின்ற பெண்கள் குழுக்கள், 1993இன் ஓஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு வந்த நிதியில் எப்படித் தொழில்முறை அமைப்புகளுக்கு இடம்விட்டன என்று இஸ்லாஹ் ஜாத் காட்டினார். பெய்ஜிங்கில் 1995இல் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டை ஒட்டி உலகெங்கும் பெண்கள் அமைப்புகளுக்கு நிதிக் கதவு அகலத் திறந்தது. திறந்த கதவு வழியாகப் பணத்தோடு பணத்தின் மொழியும் வந்தது.

வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 1981இல் டெல்லியில் தொடங்கிய சஹேலி, நிறுவனங்களிடமிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் வாங்குவதில்லை என்ற முடிவில் நிற்கிறது. தனி ஆட்களின் சிறு நன்கொடைகள், தோழிகளின் உழைப்பு. டிஃபன்ஸ் காலனி மேம்பாலத்துக்கு அடியில் அதன் அலுவலகம். இந்தப் பிடிவாதத்தைத் தூய்மைவாதம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஒரு நிகழ்ச்சியை வைத்து நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

1985இல் ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற ஊசிவழிக் கருத்தடை மருந்தைப் பெண்களுக்குச் சோதனையாகப் போட ஏற்பாடு நடந்தது. அது சோதனை என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா இதைக் கண்டுபிடித்தது. 1986இல் அதுவும் சஹேலியும் மற்ற குழுக்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. உலக அளவில் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட பணத்தில் கணிசமான பங்கு மக்கள்தொகைக் கட்டுப்பாட்டின் வழியாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு அந்த ஊசியை எதிர்த்து வழக்குப் போட்டிருக்குமா? போட்டிருக்கலாம். ஆனால் போடுவதற்குமுன் ஒருமுறை யோசித்திருக்கும். அந்த ஒரு யோசனைக்குள் பட்டாஞ்செருவின் பெண்களுக்கு ஊசி ஏறியிருக்கும். பணம் பெரும்பாலும் எவர் வாயையும் பொத்துவதில்லை. பேசுமுன் கொஞ்சம் தயங்கவைக்கிறது. 2004இல் அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்களின் இன்சைட் அமைப்பு பாலஸ்தீனர்களுக்கு ஆதரவு தெரிவித்திருந்ததால், தருவதாகச் சொன்ன நிதியை ஃபோர்டு அறக்கட்டளை திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படி வெளிப்படையாக நடப்பது அரிது. தயக்கம் அன்றாடம் நடப்பது.

இவ்வளவு சொன்ன பிறகும், சஹேலியின் வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மாலையில் சம்பளமில்லாமல் இயக்க வேலை பார்க்க, பகலில் சம்பளம் தரும் வேலை ஒன்று இருக்க வேண்டும். கூலிக்குப் போகிற பெண் ஒருநாள் கூட்டத்துக்கு வந்தால் அன்று வீட்டில் உலை ஏறாது. நிதியே வேண்டாம் என்பது, சில இடங்களில், ஏழைப்பெண் முழுநேரமாக இயக்கத்தில் இருக்கவே வேண்டாம் என்பதாக முடிந்துவிடும். சாத்தின்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டது பேராசையால் அல்ல.

இந்த முடிச்சை உள்ளிருந்து அவிழ்த்துப் பார்த்தவர்கள் உத்தரப் பிரதேசத்தின் சீதாபூர்ப் பெண்கள். 1989இல் நெதர்லாந்து அரசின் நிதியோடு மத்திய அரசு தொடங்கிய மகிளா சமாக்யா, பெண்களுக்குக் கல்வி தருவதற்கு முன்பு அவர்கள் ஒன்றுகூடிக் கேள்வி கேட்கட்டும் என்று தொடங்கிய அரிய திட்டம். அதுபோன்ற வேலைகளில் பழகிய ஏழு கிராமத்துக் களப்பணியாளர்கள், மாவட்ட அளவில் பணிபுரிந்த ரிச்சா சிங், மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சா நாகர் ஆகியோர் 2002இல் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஏழு பேரும் நாட்குறிப்பு எழுதினார்கள். பிறந்தபோது வீட்டில் விழுந்த முகங்கள், பசி, கல்யாணம், அடி, முதல்முறை சைக்கிளில் ஊருக்குள் போனது எல்லாம். எழுதியதைச் சேர்ந்து உட்கார்ந்து உரக்கப் படித்தார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். 2004இல் ‘சங்கதின் யாத்ரா’ என்ற இந்தி நூல் வெளிவந்தது. சங்கதின் என்பது அவதி மொழியில் பெண்ணுக்குப் பெண் நெருங்கிய துணை.

சொந்தக் கதையில் தொடங்கிய எழுத்து மெல்ல அவர்கள் வேலைபார்த்த அமைப்பின் பக்கம் திரும்பியது. பிரசாரத்தில் சாதி ஒழிப்பு பேசுகிற அமைப்புக்குள் சாதியும் மதமும் எப்படி நடமாடுகின்றன, தலித் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். கிராமத்தில் உயிரைப் பணயம் வைப்பவருக்கும் அதைப் பற்றி அறிக்கை எழுதுபவருக்கும் நடுவே சம்பளத்திலும் மதிப்பிலும் ஏன் இத்தனை தூரம் என்று கேட்டார்கள். என் பார்வையில் அவர்களுடைய கூர்மையான கேள்வி இன்னொன்று. எது ‘பெண்கள் பிரச்சினை’ என்று முடிவு செய்வது யார்? வீட்டு வன்முறைக்கு நிதி உண்டு. அந்த வீட்டில் சண்டைக்குக் காரணமான பசிக்கும் நிலமின்மைக்கும் கூலிக்கும் அந்தத் தலைப்பில் இடமில்லை. கிராமத்துப் பெண் தன் வாழ்க்கையை இப்படித் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு வாழ்வதில்லை.

புத்தகம் வெளிவந்ததும் அவர்களை வேலைக்கு வைத்திருந்த அமைப்பின் மேலிடம் சினந்தது, விளக்கம் கேட்டது. பெண்களின் குரலை வெளிக்கொணர்வதே நோக்கம் என்று எழுதிவைத்த ஓர் அமைப்பு, தன் பெண்கள் தங்கள் குரலில் எழுதியபோது அதிர்ந்துபோனது. 2006இல் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது அமைப்பின் பெயரை மாற்றியே குறித்தார்கள். அடுத்து அவர்கள் செய்ததை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். வறண்டு கிடந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்டு ஊர்மக்களோடு சேர்ந்து போராடினார்கள், தண்ணீர் வந்தது. பிறகு நூறு நாள் வேலைத் திட்டத்தில் வேலையும் கூலியும் கேட்டார்கள். சங்கதின் கிசான் மஜ்தூர் சங்கடன் என்ற உழவர், கூலித் தொழிலாளர் சங்கம் உருவானது. அதில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், ஆண்களும் பெண்களும். ‘பெண்கள் பிரச்சினை’ என்ற தலைப்புக்குள் அடங்காத வேலைதான் அந்தப் பெண்களைத் தலைவர்களாக்கியது.

மகிளா சமாக்யாவுக்குத் தனியாக வந்த மத்திய நிதி 2016இல் நின்றது. வேலைகளை ஊரக வாழ்வாதார இயக்கத்தோடு இணைத்துவிட்டார்கள். கேள்வி கேட்கத் தொடங்கிய திட்டம், கடன் கொடுத்து வாங்கும் திட்டத்துக்குள் கரைந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கரைதல் புதிதல்ல. 1989இல் தர்மபுரியில் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய சுய உதவிக் குழுக்கள், 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுதும் பரவின. குழு அமைக்கும் பணியைத் தொண்டு நிறுவனங்களுக்கே அரசு கொடுத்தது. வரதட்சணைச் சாவுக்கும் சாராயக் கடைக்கும் எதிராகப் பெண்களைத் திரட்டிப் பழகிய கைகள் பாஸ்புக்கும் தீர்மானப் புத்தகமும் எழுதத் தொடங்கின. சேமிப்பால் கந்துவட்டிக்காரரிடமிருந்து தப்பிய பெண்களை எனக்குத் தெரியும்; அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பத்துப் பதினைந்து பெண்கள் வாராவாரம் கூடுகிற ஓர் இடம் கிடைத்தும், அந்த ஒரு மணி நேரம் தவணை கட்டாதவரைக் கேள்வி கேட்பதில் கழிந்துபோனதே என்ற வருத்தம் எனக்குண்டு.

அரசு இன்னொரு வாசலிலும் நிற்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் பிறந்தது. 2010இல் அது புதிதாக எழுதப்பட்டது. 2011இன் விதிகளில் ஒன்று, பொதுக் காரியத்துக்காகப் பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் ஆகியவற்றை வழக்கமாகக் கைக்கொள்ளும் அமைப்பை அரசியல் தன்மை கொண்டது என்று அறிவிக்கலாம் என்றது. அப்படி அறிவித்தால் நிதி வாங்க முடியாது. தெருவில் இறங்கிச் சட்டத்தை மாற்றவைத்த இயக்கத்தின் வாரிசுகளுக்கு, நிதி வேண்டுமென்றால் தெருவை மறந்துவிடுங்கள் என்றது அது. கட்சி அரசியல் நோக்கமின்றி மக்களுக்காகப் போராடும் அமைப்பை இப்படி முத்திரை குத்தக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை மட்டுப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தை மீண்டும் திருத்தியது. வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20க்கு இறங்கியது. முதல் கணக்கு புதுடெல்லியின் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும். பெரிய அமைப்பின் கையிலிருந்து சில லட்சம் பெற்று மூன்று ஊழியர்களோடு நடந்த மாவட்டக் குழுக்களுக்கு இந்தப் பகிர்வுத் தடை பேரிடியானது. கணக்காளரும் தணிக்கையாளரும் வைத்திருக்கிற பெரியவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். பணம் வாங்கிய பழக்கத்தில் ஊர்ச் சந்தாவைக் கைவிட்டிருந்த சின்னவர்கள் இரண்டுமில்லாமல் நிற்கிறார்கள்.

சந்தா என்று சொல்லும்போது, அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா நினைவுக்கு வருகிறது. 1972இல் இலா பட் அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளியே இல்லாத தெருவோர வியாபாரிகளுக்கு எதற்குச் சங்கம் என்று தொழிலாளர் துறை கேட்டது. முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, தொழிலாளர்கள் ஒன்றுபடவும் சங்கம் வேண்டும் என்று வாதாடிப் பதிவு வாங்கினார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குபோட்டு வங்கி தொடங்கினார்கள். பின்னாளில் சேவாவும் அரசு நிதி, வெளிநாட்டு நிதி எல்லாம் வாங்கியது. ஆனாலும் அதன் அடியில் சந்தா கட்டும் உறுப்பினரும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதியும் இருந்தார்கள். காய்கறி விற்கிற பெண் அங்கே பயனாளி அல்லர், உரிமையாளர். சங்கமாகப் பதிவதா, அறக்கட்டளையாகப் பதிவதா என்று முதல்நாள் எடுத்த முடிவு ஐம்பது ஆண்டுகள் நீண்டு வேலை செய்கிறது. அறக்கட்டளையில் அறங்காவலர்கள்தான் உண்டு. அவர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வாக்களித்து இறக்கவும் முடியாது. பெண்கள் அமைப்புகளில் அறக்கட்டளை எத்தனை, உறுப்பினர் சங்கம் எத்தனை என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக மறுபடியும் ராஜஸ்தான். சாத்தின்கள் கூலி கேட்டுப் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1990 மே நாளன்று, தேவ்டுங்கரி வட்டாரத்தில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கியது. அருணா ராய் உட்பட அதன் முழுநேர ஊழியர்கள் தங்களுக்கு எடுத்துக்கொண்டது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி அளவுதான். அமைப்பு நிறுவன நிதி வாங்கவில்லை. அரசு வேலைகளில் உழைத்தும் உரிய கூலி கிடைக்காத பெண்கள் அதில் ஏராளம். ஏன் குறைவு என்று கேட்டால், நீ குறைவாக வேலை செய்ததாக ஏட்டில் எழுதியிருக்கிறது என்பார்கள். ஏட்டைக் காட்டு என்றால் அது அரசு ரகசியம் என்பார்கள். 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. எப்படியோ கைக்கு வந்த வருகைப் பதிவேடுகளை ஊர்நடுவே ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிந்ததாகக் கணக்கெழுதிய கட்டடத்துக்குக் கூரை இல்லை என்று ஊரார் எழுந்து சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு அந்தக் கணக்கு ஒரு வரி விடாமல் புரிந்தது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கம் அங்கிருந்து கிளம்பி 2005இன் தகவல் உரிமைச் சட்டம் வரை போனது.

அரசின் ஏட்டை ஊரில் வாசிக்கப் போராடியவர்களில் பெண்கள் அமைப்புகளும் பல. தங்கள் திட்டத்தின் பட்ஜெட்டை, பயணச் செலவையும் சம்பளப் பட்டியலையும் ஆலோசகர் கட்டணத்தையும் சேர்த்து, எந்தப் பெண்களின் பெயரால் அந்தப் பணம் வந்ததோ அவர்கள் நடுவே, அவர்கள் பேச்சு மொழியில், ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்து வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. முதல் கூட்டத்தில் கூச்சல் எழும். சிலர் எழுந்து போவார்கள். அறிக்கை எழுதுபவருக்கு ஏன் இவ்வளவு என்று ஒருத்தி கேட்பாள். அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது கூட்டத்தில், அடுத்த ஆண்டு எதற்குப் பணம் கேட்கலாம் என்று அந்தப் பெண்களே பட்டியல் போடத் தொடங்குவார்கள். அதில் வாய்க்கால் தண்ணீரும் இருக்கும்.